மூணு சக்கரம், ஒரு கால், ஒரு ஏ.ஆர். எண்ட்ரி

1/
"படியில வழுக்கி விழுந்துட்டான் சார்."

போன வருஷம் ஒரு நைட் டூட்டியில ஒரு அம்மா சொன்னது. பையனுக்கு 13 வயசு. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் ரெண்டு எலும்பும் உடைஞ்சிருந்தது. கெண்டைக்கால் தோலில் வரி வரியா கறுப்புத் தடம்.

டயர் தடம்.

2/
எந்த வீட்டுப் படியிலும் டயர் இருக்காது. அது எனக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். ஆனா எனக்குப் பின்னால இன்னும் பத்து கேஸ் நிக்குது. விபத்துப் பதிவேட்டில், அதாவது நாங்க ஏ.ஆர்.னு சொல்ற புத்தகத்தில், 'படியிலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது'ன்னு எழுதினேன். ஸ்லாப் போட்டு, எலும்பு டாக்டருக்கு அனுப்பிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

(யாருடைய அடையாளமும் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்கு உறைச்சது மூணு மாசம் கழிச்சு. அதுவும் ஆஸ்பத்திரியில இல்ல. ஒரு தென்னந்தோப்புக்குள்ள, 40 வருஷப் பழைய மூணு சக்கர வண்டி மேல உக்காந்திருக்கும்போது.

இந்த இழை அந்த வண்டியோட வரலாறு. கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுட்டு வந்து உக்காருங்க.

4/
எங்க புதுக்கோட்டை மாவட்டத்தோட கிழக்கு ஓரம் கடல். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு வரிசையா ஊர்கள். வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்திருப்பாங்க. அப்படி பாதி ஆயுசை அரபு நாட்டில் மெக்கானிக்கா கழிச்சுட்டு ஊர் திரும்பினவர் ஒரு பாய். சர்க்கரைக்கு என்கிட்டதான் காட்டுவார்.

5/
ஒருநாள் மாத்திரை எழுதிட்டு இருக்கும்போது, "டாக்டர் தம்பி, உங்களுக்கு வண்டிப் பைத்தியம்னு நர்ஸம்மா சொன்னாங்க. தோப்புக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்"னார்.

போனேன். 2018 நவம்பர்ல கஜா புயல் சாய்ச்சுட்டுப் போன தோப்பு. இப்போ புதுக் கன்னுகள் நெஞ்சு உயரத்துக்கு மேல வந்தாச்சு. கொட்டகைக்குள்ள தார்ப்பாயை விலக்கினார்.

6/
சிவப்பு நிறம். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ரெண்டு. ஆட்டோ மாதிரி கூண்டு கிடையாது. பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும். ஆனா டயரைப் பாத்தா சிரிப்பு வரும். குட்டையா, குண்டா, பலூன் மாதிரி உப்பலா மூணு டயர்.

ஹோண்டா ஏடிசி 110. ஏடிசின்னா 'ஆல் டெர்ரெயின் சைக்கிள்'. எந்தத் தரையிலும் ஓடும் வண்டின்னு அர்த்தம்.

7/
உதிரி உதிரியா வந்து இங்க சேர்த்துப் பூட்டினதாம். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டுக்குப் போகாது. தோப்புக்குள்ள தேங்காய் மூட்டையும் உரமும் இழுக்க மட்டும்தான்.

"ஓட்டறீங்களா?"ன்னார். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அதையேதான் நானும் சொன்னேன்.

8/
சாவி திருப்பினா ஸ்டார்ட் ஆகாது. மோட்டார் போட் என்ஜின் மாதிரி கயிறு இழுக்கணும். மூணாவது இழுப்புக்குப் பிடிச்சுக்கிச்சு. சத்தம் கேட்டதும் எங்கயோ கேட்ட சத்தமா இருக்கேன்னு தோணுச்சு. அப்பாவோட ஹீரோ ஹோண்டா சிடி 100!

யோசிச்சா ஆச்சரியமில்ல. ரெண்டுமே ஹோண்டாவோட சூப்பர் கப் என்ஜின் குடும்பத்துப் பிள்ளைங்க. படுக்கையா கிடக்கும் ஒத்தை சிலிண்டர்.

9/
கிளட்ச் பிடி கிடையாது. ஆக்சிலேட்டர் முறுக்கறது இல்ல, வலது கட்டைவிரலால் அழுத்தறது. அழுத்தினேன். வண்டி மணல்மேல மிதந்துச்சு.

நிஜமா மிதந்துச்சு. என் பைக்கை அந்த மணல்ல இறக்கினா பத்தடியில் புதைஞ்சிரும். இது மெத்தைமேல உருள்ற மாதிரி போகுது. நான் சின்னப் பையன் மாதிரி கத்தினேன்னு பாய் இப்பவும் சொல்லிச் சிரிப்பார்.

10/
ரகசியம் டயர்ல இருக்கு. கார் டயர்ல சுமார் 30 பிஎஸ்ஐ காத்து அடிப்போம். இதுல ரெண்டு சொச்சம்தான். கையால அமுக்கினாலே உள்ள போகும். அதனால தரையில் அகலமா பரவி உக்காரும், எடை பிரிஞ்சிரும், புதையாது. இந்த மாடல்ல ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. டயர்தான் எல்லாம்.

11/
சரி, இப்படி ஒரு வண்டி ஏன் பிறந்துச்சு?

1960-களோட கடைசி. அமெரிக்காவில் ஹோண்டா பைக் நல்லா ஓடுது. ஆனா பனிக்காலம் வந்தா யாரும் பைக் வாங்க மாட்டாங்க. டீலர்கள் கடையைத் திறந்து வெச்சு ஈ ஓட்டறாங்க. "குளிர்காலத்துல விக்கற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க"ன்னு 1967-ல ஜப்பானுக்குக் கோரிக்கை போச்சு.

12/
வேலை ஒசாமு தாகெயுச்சி என்கிற பொறியாளர் கைக்கு வந்தது. ரெண்டு சக்கரம் தொடங்கி ஆறு சக்கரம் வரைக்கும் வெச்சுப் பாத்தாங்க. பனி, சேறு, மணல் மூணுக்கும் ஒத்து வந்தது மூணு சக்கரம். சாதாரண டயர் சரிப்படல. அப்போ அமெரிக்காவில் ஆம்ஃபிகேட்னு ஆறு சக்கர வண்டி ஒண்ணு இருந்தது. அதோட பலூன் டயர்தான் வழி காட்டுச்சு.

13/
1970-ல வெளிவந்தது. பேர் யுஎஸ் 90, என்ஜின் 89 சிசி, விலை 595 டாலர். அப்புறம்தான் ஏடிசி 90-ன்னு பேர் மாறுச்சு. 1971-ல வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில், பாலைவனத்துல பாண்டைத் துரத்தும் ஆட்கள் ஓட்டறது இந்த வண்டியைத்தான். இதைவிடப் பெரிய விளம்பரம் வேணுமா?

14/
1973-ல சின்னப் பசங்களுக்குன்னே ஏடிசி 70 வந்துச்சு. 1979-ல நான் ஓட்டின ஏடிசி 110. 1982-ல முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கேரியரோட 'பிக் ரெட்'. விவசாயிகள் கொண்டாடினாங்க. யமஹா, கவாசாகி, சுசுகி எல்லாரும் களத்துல இறங்கினாங்க. 1980-களோட நடுவுல வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வித்துச்சு.

குடும்பத்தோட விளையாட ஒரு வண்டி. அப்படித்தான் எல்லாரும் நினைச்சாங்க.

15/
இப்போ தோப்புக்குத் திரும்புவோம். நேராப் போற வரைக்கும் நான் ராஜா. வரப்பு முடியற இடத்துல இடது பக்கம் திரும்பணும். ஹேண்டிலைத் திருப்பினேன். வண்டி திரும்பல. முன்சக்கரம் மணல்ல சறுக்கிக்கிட்டே நேராப் போகுது. இன்னும் ஒடிச்சேன். சட்டுன்னு பிடிச்சுக்கிச்சு. பிடிச்ச வேகத்துல இடது பின்சக்கரம் அந்தரத்துல ஏறிடுச்சு. வண்டி வலது பக்கம் சாயுது.

16/
பைக் ஓட்டற யாரா இருந்தாலும் அந்த நொடியில என்ன செய்வீங்க? சாயற பக்கம் காலை ஊணுவீங்க. மூளை யோசிக்காது, உடம்பே செய்யும்.

நானும் வலது காலை இறக்கினேன்.

"காலை இறக்காதீங்க தம்பீ!"ன்னு பாய் கத்தினது கேட்டுச்சு.

17/
இதுல கால் வைக்கும் கம்பிக்குப் பின்னாடியே, ஒரு சாண் தூரத்துல, பின்டயர் இருக்கு. நான் கீழ ஊணின கால் நிக்குது, வண்டி முன்னால போகுது. டயர் என் குதிகாலைக் கவ்வுச்சு. நல்லவேளை கட்டைவிரலை எடுத்துட்டேன், வண்டி நின்னுடுச்சு. செருப்பு டயருக்கு அடியில. குதிகால்ல தோல் உரிஞ்சிருந்துச்சு. கெண்டைக்கால்ல ஒரு கறுப்புத் தடம்.

வரி வரியா.

18/
அந்தத் தடத்தை எங்க பாத்தேன்னு ஞாபகம் வர ரெண்டு நொடிகூட ஆகல.

19/
ஏன் இப்படி நடந்துச்சு? ரெண்டு காரணம். ரெண்டையும் எளிமையாச் சொல்லிடறேன்.

முதல் காரணம், இந்த மாடல்ல பின்சக்கரம் ரெண்டும் ஒரே ஆக்சில்ல இறுக்கமாப் பூட்டியிருக்கு. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைவா ஓடணும். காரிலும் ஆட்டோவிலும் டிஃப்ரன்ஷியல் இருக்கறதால அது நடக்கும். இதுல ரெண்டும் ஒரே வேகம். அதனால வண்டி நேராத்தான் போகப் பாக்கும்.

20/
அப்போ எப்படித்தான் திருப்பறது? வெளிப்பக்கக் காலால் கம்பியை அழுத்தி மிதிச்சு, இடுப்புக்கு மேல உடம்பை உள்பக்கமாச் சாய்ச்சு, எடையை மாத்திக் குடுக்கணும். அதாவது இந்த வண்டியை ஹேண்டில்பாரால மட்டும் ஓட்ட முடியாது. உடம்பால ஓட்டணும். பாத்தா பொம்மை, ஓட்டினா வித்தை.

21/
ரெண்டாவது காரணம், முக்காலி. மேடு பள்ளமான தரையில நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அதனால முக்காலிதான் உறுதின்னு நினைப்போம். ஆனா முக்காலியோட ஓரத்துல, ரெண்டு காலுக்கு நடுவுல உக்காந்து பாருங்க. கவுத்துரும்.

22/
மூணு சக்கர வண்டியும் அதே கதை. நிக்கும்போது கல்லு மாதிரி நிக்கும். திரும்பும்போது எடை வெளிப்பக்கம் ஓடும். நாலு சக்கரம்னா அந்த மூலையில தாங்க ஒரு முன்சக்கரம் இருக்கும். இதுல அங்க ஒண்ணுமே இல்ல. பைக்கா இருந்தா உள்பக்கம் சாய்ஞ்சு சமாளிக்கும். இது சாயவும் சாயாது. திரும்பும்போதே பிரேக்கும் அடிச்சா எடை முன்னாலயும் ஓடும், இன்னும் சீக்கிரம் கவிழும்.

23/
இதுல பெரிய கொடுமை என்னன்னா, நிக்கும்போது விழாதுங்கற அந்தக் குணத்தாலதான் அப்பா அம்மாங்க இதை நம்பினாங்க. "பைக்குன்னா பேலன்ஸ் வேணும், இதுக்கு வேண்டாமே." எட்டு வயசு, பத்து வயசுப் பசங்களை ஏத்தி விட்டாங்க. எடையை மாத்தித் திருப்ப வேண்டிய வண்டியில, மாத்தறதுக்கு எடையே இல்லாத பிள்ளைங்க.

24/
இப்போ ஆஸ்பத்திரிப் பக்கம் வருவோம். 1980-களோட தொடக்கம். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு டாக்டர் கால் உடைஞ்ச பையனைப் பாக்கறார். "பாத்து ஓட்டுப்பா"ன்னு சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பறார். அடுத்த மாநிலத்துல இன்னொரு டாக்டர், தலையில அடிபட்ட பொண்ணு. "அவசரப்பட்டு ஓட்டியிருப்பா." ஒவ்வொருத்தருக்கும் அது ஒரு தனி விபத்து. ஓட்டினவங்களோட கவனக்குறைவு.

25/
ஆனா அங்க ஒரு ஏற்பாடு 1972-லயே ஆரம்பிச்சிருந்தது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட நெய்ஸ் என்கிற கண்காணிப்பு முறை. நாடு முழுக்கப் பரவலா சில டஜன் ஆஸ்பத்திரிகளைத் தேர்ந்தெடுத்தாங்க. எமர்ஜென்சிக்கு வர்ற ஒவ்வொரு காயத்துக்கும் பக்கத்துல, எந்தப் பொருளால அடிபட்டதுன்னு ஒரு எண் எழுதணும். ஏணியா, அடுப்பா, ஊஞ்சலா, வண்டியா. அவ்வளவுதான் வேலை.

26/
அந்த எண்களைக் கூட்டிப் பாத்தப்போதான் படம் தெரிஞ்சது. 1982-ல சில ஆயிரமா இருந்த ஏடிவி காயங்கள், 1986-ல ஒரே வருஷத்துல சுமார் 86,000. அந்த ஒரு வருஷத்துல மட்டும் நூற்றுக்கணக்கில் சாவு. இறந்தவங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 16 வயசுக்குக் கீழ.

கவனக்குறைவுன்னு ஒரு ஆளைச் சொல்லலாம். 86,000 பேரைச் சொல்ல முடியுமா?

27/
நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வண்டி நிறையவே வித்திருக்கு, அதனால காயமும் கூடியிருக்கும். ஹெல்மெட் போடாதது, குடிச்சுட்டு ஓட்டினது, பின்னாடி ஆளை ஏத்தினது எல்லாம் நடந்துச்சு. "வண்டியில குறை இல்ல, தப்பா ஓட்டறாங்க"ங்கறதுதான் தயாரிப்பாளர்கள் தரப்பு. முழுப் பொய்னு அதைத் தள்ளவும் முடியாது.

28/
ஆனா தப்பா ஓட்டறதுக்கு அழைக்கற மாதிரி ஒரு வண்டி இருந்தா, அதுக்கு யார் பொறுப்பு? காலை ஊணறது மனுஷ உடம்போட இயல்பு. ஊணற இடத்துல டயர் இருக்குன்னா, அது ஓட்டறவன் குணமா, வண்டியோட குணமா?

இந்தக் கேள்விதான் விசாரணை, டிவி நிகழ்ச்சி, கோர்ட்னு போச்சு. 1987-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் பிள்ளைங்க இதை ஓட்டக் கூடாதுன்னு அறிக்கை விட்டாங்க.

29/
1987 டிசம்பர்ல அரசாங்கம் வழக்குப் போட்டுச்சு. 1988 ஏப்ரல் 28 அன்னைக்கு கோர்ட் ஒரு சமரசத் தீர்ப்புக்கு ஒப்புதல் குடுத்தது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் அஞ்சு நிறுவனமும் ஒத்துக்கிட்டது இதுதான்: மூணு சக்கரத்தை இனிமே விக்க மாட்டோம். 90 சிசிக்கு மேல உள்ள வண்டி 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு இல்ல. வாங்கறவங்களுக்கு இலவசப் பயிற்சி. பத்து வருஷத்துக்கு இது செல்லும்.

30/
முழு வெற்றியா? இல்ல. கடையில மீதி இருந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஏற்கனவே வித்துப்போன வண்டிகள் வீட்டுலயே இருந்துச்சு, பணம் திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு இல்ல. காயம் சில வருஷம் நல்லா இறங்குச்சு. 1998-ல அந்தத் தீர்ப்போட காலம் முடிஞ்சதும் மறுபடி ஏறி, 2001-ல லட்சத்தைத் தாண்டிச்சு. இந்தத் தடவை நாலு சக்கர ஏடிவி. புது மூணு சக்கர ஏடிவி விக்கவே கூடாதுன்னு அமெரிக்காவில் சட்டமே வந்தது 2008-ல.

31/
இதுல எனக்குப் பிடிச்சது அந்தப் பயிற்சி விஷயம். எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இது புரியும். 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிளைக் கையில குடுத்துட்டு விட்டுடல, பக்கத்துல ஓடி வந்து பிடிச்சுக்க ஆள் இருந்தாங்க. வண்டிங்கறது எப்பவும் பாதி இரும்பு, பாதி பழக்கம்.

32/
"நம்ம ஊர்ல இந்த வண்டியே இல்லையே டாக்டர், எங்களுக்கு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. ஏடிசி இல்லதான். ஆனா முன்னாடி ஒத்தைச் சக்கரத்தோட ஆளும் சரக்கும் ஏத்திக்கிட்டு ஓடற லோடு ஆட்டோ எத்தனை? ஷேர் ஆட்டோ எத்தனை? டிஃப்ரன்ஷியல் இருக்கு, சஸ்பென்ஷன் இருக்கு, சரி. ஆனா முக்காலி விதி மாறாது. மேல மேல மூட்டையை அடுக்கினா எடை உயரத்துக்குப் போகும், சின்னத் திருப்பத்துலயே கவிழும்.

33/
இப்போ அந்தப் பையன். எலும்பு கூடினதும் கட்டுப் பிரிக்க வந்திருந்தான். இந்தத் தடவை நானே உக்கார வெச்சு, என் கெண்டைக்கால்ல இருந்த தழும்பைக் காட்டினேன். "உனக்கும் இப்படித்தானடா?"

அம்மாவைப் பாத்தான். அவங்க தலையைக் குனிஞ்சாங்க. மெதுவாச் சொன்னான். செங்கல் சூளைக்குள்ள லோடு ஆட்டோ. இவன்தான் ஓட்டினான். பக்கத்துல ரெண்டு பசங்க. திரும்பும்போது சாயுச்சு. காலை ஊணினான்.

34/
"போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்துட்டேன் சார், ஓனர் வண்டி"ன்னாங்க அந்தம்மா. அவங்க பயம் எனக்குப் புரியுது. நான் எழுதினதுக்குத்தான் எனக்குச் சாக்கு கிடையாது. நெய்ஸ்ல ஒரு எண்ணா ஏறியிருக்க வேண்டிய விபத்தை நான் படிக்கட்டுக் கணக்குல எழுதிட்டேன். அடுத்த வாரம் வேற ஆஸ்பத்திரியில இன்னொரு டாக்டர் இன்னொரு படிக்கட்டை எழுதியிருப்பார். கூட்டிப் பாத்தா என்ன தெரியும்? நம்ம ஊர்ல படிக்கட்டுதான் ஆபத்துன்னு தெரியும்.

35/
நம்மகிட்டயும் ஏற்பாடு இருக்கு. ஐராட் என்கிற ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் சென்னை ஐஐடி உதவியோட உருவானது. முதல்ல தொடங்கின ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒண்ணு. ஆனா அது சாலை விபத்துக்கு. தோப்புக்குள்ள, சூளைக்குள்ள, களத்துமேட்டுல நடக்கறது எங்க ஏறும்? நாங்க கேசுவாலிட்டியில எழுதற அந்த ஒரு வரியில மட்டும்தான்.

36/
சட்டத்தையும் சொல்லிடறேன். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயசு நிரம்பாதவங்க ரோட்டுல வண்டி ஓட்டிக் குற்றம் ஆச்சுன்னா, பெற்றோருக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்த வண்டிப் பதிவு 12 மாசத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

தோப்புக்குள்ள போலீஸ் வராதுன்னு நினைக்கலாம். முக்காலி விதி வரும்.

37/
சிகிச்சைக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2021 டிசம்பர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, தமிழ்நாட்டுக்குள்ள நடக்கற சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம், திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சை. எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. உண்மையைச் சொன்னா எங்களுக்கும் நல்லது. படியில விழுந்த காலும் டயர் ஏறின காலும் எங்களுக்கு ஒண்ணு இல்ல. டயர் ஏறினா உள்ளுக்குள்ள தசை நசுங்கியிருக்கும். வீக்கம் கூடி ரத்த ஓட்டம் நின்னா காலே போயிடலாம். அதை முதல் சில மணி நேரத்துல பாத்துக்கிட்டே இருக்கணும்.

38/
அதனால ஒரே ஒரு வேண்டுகோள். அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வரும்போது எங்ககிட்ட நாலு விஷயம் சொல்லுங்க. என்ன வண்டி. யார் ஓட்டினது. எத்தனை பேர் இருந்தாங்க. விழும்போது வண்டி என்ன செஞ்சுட்டு இருந்துச்சு: நேராப் போச்சா, திரும்புச்சா, நின்னுச்சா.

நான் இப்போ இந்த நாலையும் கேக்காம ஏ.ஆர். எழுதறதில்ல. முப்பது வினாடிதான் கூட ஆகுது.

39/
போன மாசம் மறுபடி தோப்புக்குப் போயிருந்தேன். லீவுக்குப் பாயோட பேரன் வந்திருந்தான், பதினோரு வயசு. என்னைப் பாத்ததும், "டாக்டர் மாமா, நீங்க ஓட்டினீங்கல்ல, நானும் ஒரு ரவுண்டு போறேன்னு தாத்தாகிட்ட சொல்லுங்க"ன்னான்.

பாய் ஒண்ணும் பேசல. சட்டைப் பையில இருந்து எதையோ எடுத்துக் காட்டினார்.

40/
ஸ்பார்க் பிளக்.

"இவன் வர்ற அன்னைக்கே கழட்டி வெச்சுருவேன் தம்பி. சவுதியில இவன் வயசுப் பையன் ஒருத்தனை நான்தான் வண்டிக்கு அடியில இருந்து தூக்கினேன்."

அந்தப் பையனுக்கு என்னாச்சுன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

பேரன் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு சைக்கிள் எடுத்துக்கிட்டு வரப்புல போயிட்டான்.